வளைவில் விட்ட தேங்காய்கள்

ஆற்றின் வேகத்தை மிதவை விட்டு அளப்பதற்கு விதி உண்டு. ஆறு நேராக ஓடும் இடத்தில்தான் அளக்க வேண்டும்; வளைவில் அளக்கக் கூடாது. மிதவை காட்டுவது மேல்தண்ணீரின் வேகம் மட்டுமே. அதை ஆற்றின் வேகம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. நூறு என்று வந்தால் எண்பத்தைந்து என்று குறைத்துக்கொள்ள வேண்டும். என் அப்பாவுக்கு இது மனப்பாடம். கொடுமுடியில் காவேரிக் கரையிலிருந்த அளவீட்டுக் கொட்டகையில், முத்து முத்தான எழுத்தில் அவரே எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஒரு ஆடி மாதத்தில், அந்தச் சட்டத்துக்கு நூறு அடி தள்ளி, அவரே அந்த இரண்டு 'கூடாது'களையும் மீறினார். மீறினார் என்று ஆதாரத்தோடு எழுத எனக்கு ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஓய்வூதியத்துக்காக வருடந்தோறும் உயிர்ச்சான்று கொடுத்துவிட்டு வருகிற என் வயதினரே, படிவங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் உயிரோடிருப்பதை நிரூபிக்கக் கட்டைவிரல் போதும். ரேகை தேய்ந்துபோயிருந்தால் கண்ணைக் காட்டினால் போதும். என் அக்கா செத்துப்போனாள் என்பதை நிரூபிக்க அவளிடம் ஒன்றுமே இல்லை. அது நிரூபணமானால்தான் எள்ளும் தண்ணீரும் இறைப்பேன் என்று என் அம்மா காத்திருந்தாள். இந்தக் குறிப்பு அந்தக் காத்திருப்பைப் பற்றியது.

எனக்கு அப்போது பத்து வயது. அக்காவுக்குப் பதினேழு. காவேரி வடக்கேயிருந்து தெற்கே வந்து, எங்கள் ஊரில்தான் கிழக்கே திரும்புகிறது. கோயிலுக்கு வருகிறவர்கள் அதைப் புண்ணியம் என்பார்கள். அப்பாவுக்கு அது வேலை. காலையிலும் மாலையிலும் அளவுகோலில் நீர்மட்டம் பார்த்து எழுதுவார். வாரத்துக்கு ஒருமுறை, வளைவுக்கு மேலே ஆறு நேராக வரும் இடத்துக்குப் பரிசலில் போய் ஓட்டத்தின் வேகம் அளப்பார். அதற்கென்று ஒரு கருவி இருந்தது. சின்னச் சக்கரம், அதைச் சுற்றி ஆறு பித்தளைக் கிண்ணங்கள். தேக்குப் பெட்டிக்குள் பச்சைத் துணி விரித்து அதில் படுக்க வைத்திருப்பார். பெட்டியைத் திறந்தால் தையல் மிஷின் எண்ணெய் வாசம் வரும். தண்ணீருக்குள் எந்த ஆழத்தில் இறக்குகிறோமோ அந்த ஆழத்து ஓட்டம் கிண்ணங்களைச் சுற்றும். சுற்றுக்கு ஒருமுறை காதில் மாட்டிய குழாயில் டிக் என்று கேட்கும். ஒருமுறை என் காதில் மாட்டிவிட்டார். மேலே கேட்டதைவிடக் கீழே இறக்க இறக்க டிக் டிக் மெதுவானது. ஆழத்தில் ஆறு தயங்கித் தயங்கித்தான் போகிறது என்று எனக்குப் பத்து வயதிலேயே காதால் தெரியும்.

அந்தப் பங்குனியில் கருவியைப் பழுது பார்க்கக் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். அது திரும்பி வரவில்லை. அப்பா ஓய்வு பெற்ற நாளன்றும் இருப்புப் பதிவேட்டில் அதற்கு நேரே 'பழுதுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்றே இருந்தது. கருவி இல்லாதபோது மர மிதவைகளைப் பயன்படுத்தலாம். மர மிதவைகளை யாரோ அடுப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மர மிதவைகளும் இல்லாதபோது என்ன செய்வது என்று விதியில் இல்லை. அப்பா தேங்காய்க்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். மட்டையோடு கூடிய தேங்காய், மேலே வெள்ளைப் பெயின்டில் எண்.

அக்காவுக்கு அந்த ஆனியில் மேட்டுப்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை பார்த்துவிட்டுப் போனார்கள். பாக்கு மண்டி வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போனபிறகு நாற்காலியைக் கழுவி வெயிலில் வைத்தவள் அக்கா.

"ஏன் அம்மணி, நல்ல நாற்காலிய எதுக்குக் கழுவற?" என்றாள் அம்மா.

"ஊறப்போட்ட பாக்கு நாத்தம் போகலீங்கம்மா. நாற்காலிக்கே இப்படின்னா என்னையக் கழுவறதுக்குக் காவேரி பத்தாதுங்."

அம்மா சிரித்தாள். உள்ளேயிருந்த அப்பா சிரிக்கவில்லை. இந்தப் பேச்சு பிற்பாடு ஒரு சாட்சியமாகப் பயன்படும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

ஆடிப் பதினேழு. மறுநாள் ஆடிப்பெருக்கு நோம்பி. மேலே அணை திறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தண்ணீர் செம்மண் கரைத்த நிறத்தில், கரையோர வேலிகளை நக்கிக்கொண்டு போயிற்று. விடிந்ததும் அக்கா துவைக்கிற துணியை வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாரேனுங்கம்மா" என்று சொல்லிப் போனாள். நான் பாயில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டேன். எட்டு மணிக்கு அம்மா படித்துறைக்குப் போய்ப் பார்த்தாள். வாளி இருந்தது. பாதித் துணி அலசிப் பிழிந்து படியில் முறுக்கி வைத்திருந்தது. செருப்பு இரண்டும் மேல்படியில் ஜோடியாக இருந்தன. அக்கா இல்லை.

அப்பா முதலில் செய்ததெல்லாம் சரி. காவல் நிலையத்துக்குப் போய் அவரே புகார் எழுதிக் கொடுத்தார். வயது பதினேழு, மஞ்சள் தாவணி, தாடையில் மூன்று தையல் போட்ட பழைய தழும்பு. பரிசல்காரர்களைக் கூப்பிட்டார். ஆனால் எங்கே தேடச் சொல்வது? அங்கேதான் அவருக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. பூஜைக்காக அம்மா வாங்கி வைத்திருந்த பன்னிரண்டு தேங்காய்களையும் எடுத்தார். கொட்டகைக்குக் கொண்டுபோய் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டார். அக்கா நின்றிருந்த அதே படியிலிருந்து ஒவ்வொன்றாக ஆற்றில் விட்டார். கடிகாரத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு கரையோடு சைக்கிளில் போனார்.

அவருக்குக் கீழே ஒரு கலாசி வேலை பார்த்தார். பரிசல் பிடிப்பது, கயிறு கட்டுவது, அளவுகோலைக் கழுவுவது எல்லாம் அவர்தான். அப்பா சைக்கிள் ஏறுவதற்கு முன், அவர் படியில் நின்று தேங்காய்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கே நின்றேன்.

"ஏனுங்க," என்றார் கலாசி. "தேங்கா முழுகாதுங்களே."

"அதனால?" என்றார் அப்பா.

"ஆளு முழுகுமுங்களே. முழுகிப்போட்டுத்தானுங்க மேல வரும்."

"நீ எத்தனாவது வரைக்கும் படிச்சே?"

"மூணாவதுங்க. அதுக்கு மேல படிச்சிருந்தா நானும் தேங்காயத்தான் பாத்துட்டு நிப்பனுங்க."

அப்பா அவரை அறையப் போனார். அம்மாதான் குறுக்கே வந்தாள். மூன்றாம் வகுப்பு வரை படித்த அந்த மனிதர் சொன்னதைச் சமன்பாடாக எழுதிக் காட்ட எனக்கு ஐந்து வருடப் பொறியியல் படிப்பு தேவைப்பட்டது.

பன்னிரண்டில் ஒன்பது தேங்காய்கள் இரண்டு மைல் கீழே, எங்கள் கரையிலேயே, ஒரு நாணல் திட்டுக்குப் பின்னால் வந்து சேர்ந்தன. மூன்று ஆற்றோடு போய்விட்டன. அப்பா வேகத்தைக் கணக்கிட்டார், நேரத்தைப் பெருக்கினார், நாணல் திட்டைச் சுற்றி வலை போடச் சொன்னார். மூன்று நாள் தேடினார்கள். ஒரு செத்த கன்றுக்குட்டியும் யாரோ நோம்பிக்கு ஆற்றில் விட்ட முளைப்பாலிகையும் கிடைத்தன. அக்கரையில் யாரும் தேடவில்லை. அக்கரைக்கு ஒரு தேங்காய்கூடப் போகவில்லையே.

நான்காம் நாள் காலையில் அப்பா நோட்டை மூடினார்.

"ஆத்துல இல்ல," என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "என்னங்க சொல்றீங்க?"

"இந்தப் படியில உழுந்தது எதுவும் அந்தத் திட்டத் தாண்டாது. பன்னெண்டுல ஒம்பது. அங்க இல்லைன்னா அவ ஆத்துக்கே போகல. செருப்ப ஜோடியா வெச்சுட்டுப் போயிருக்கறா பாரு. தவறி உழுகறவ செருப்ப ஒழுங்கா வெப்பாளா?"

"துவைக்க எறங்கறவ செருப்ப வேற எங்கீங்க வெப்பா?"

அப்பாவிடம் நோட்டு இருந்தது. பாக்கு நாத்தம் பேச்சு இருந்தது. எங்கள் தெருவில் ஒரு விசைத்தறிக் கொட்டகை இருந்தது. அதில் சூலூரிலிருந்து வந்த ஒரு தறி மெக்கானிக் வேலை பார்த்தார். அவர் ஆடிப் பதினேழு காலை ரயிலில் பம்பாய்ப் பக்கத்துப் பிவண்டிக்குப் போய்விட்டார் என்ற செய்தியும் அன்று வந்து சேர்ந்தது. ஒருமுறை அக்காவின் தாவணி சைக்கிள் சக்கரத்தில் மாட்டியபோது அவர் எடுத்துவிட்டதைத் தெருவே பார்த்திருந்தது. அவளுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு அந்தச் சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றுகிற நேரம்தான்.

அன்று மாலை அப்பா காவல் நிலையத்துக்குப் போய்ப் புகாரை எழுத்துமூலம் திரும்பப் பெற்றார். 'என் மகள் தன் விருப்பத்தின் பேரில் வெளியூர் சென்றுவிட்டதாகத் தெரியவருவதால்' என்று காரணம். ரேஷன் கார்டிலிருந்தும் அதே காரணத்தோடு பெயர் நீங்கியது. கோப்புகளோடு வாழ்ந்த உங்களுக்கு அதன் விளைவு புரியும். காணாமல் போனவர் என்று ஒருவர் பதிவில் இல்லாதபோது, கண்டெடுக்கப்படுகிறவர் யாராகவும் இருக்க முடியாது.

பதினாறாம் நாள் அம்மா ஒரு தாம்பாளத்தில் எள்ளும் பச்சரிசியும் எடுத்து வைத்தாள். அப்பா அதைக் காலால் தள்ளினார். "ஓடிப்போனவளுக்கு எள்ளுத்தண்ணியா? எழுதிக் குடுத்திருக்கறேன், தெரியுமில்ல?" எள் ஒரு கறுப்பு வட்டமாகத் தரையில் சிந்தியது. அம்மா அதைப் பெருக்கி எடுக்கவே இல்லை. எறும்புகள் கொண்டுபோக ஒரு வாரம் ஆயிற்று.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். எனக்கு அப்பாவின் கணக்கு பிடித்திருந்தது. அதன்படி அக்கா உயிரோடு இருந்தாள். பிவண்டி எங்கே என்று பள்ளிக்கூட அட்லாஸில் தேடினேன். அந்தப் பெயர் இல்லை, பம்பாய் இருந்தது. பம்பாயில் அக்கா புதுத் தாவணியோடு ஒரு மாடிவீட்டில் நின்றுகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன். தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்பேன். எனக்குப் போஸ்ட் கார்டு போடவில்லை என்று அவள்மேல் கோபம்கூட இருந்தது. இரண்டு வருடம் அந்தக் கோபத்தோடு இருந்தேன்.

தீபாவளிக்கு மெக்கானிக் தனியாகச் சூலூருக்கு வந்தார். அப்பாவும் என் தாய்மாமன்கள் இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். திரும்பி வந்தபோது பெரிய மாமனின் கையில் துணி சுற்றியிருந்தது. "வாயே தொறக்கமாட்டீங்கறான். கல்லுளிமங்கன்," என்று அவர் பெருமையாகச் சொன்னார். அங்கே நடந்தது எனக்குத் தெரிய இருபது வருடம் ஆயிற்று. அப்போது நான் உதவிப் பொறியாளர். வேலையாகச் சூலூர்ப் பக்கம் போனவள், விசாரித்துக்கொண்டு அவருடைய தறிப் பட்டறைக்குப் போனேன். யாரென்று சொன்னதும் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வலது காதை என் பக்கம் திருப்பினார். இடது காது கேட்காது.

"உங்கப்பா அடிக்கறதுக்கு முன்னால ஒரு நோட்ட விரிச்சுக் காட்டினாருங்க," என்றார். "தேங்கா, நிமிசம், அடின்னு என்னமோ எழுதியிருந்துது. 'இப்ப சொல்லு, அவ எங்க?'ன்னார். 'எனக்கு ஒண்ணும் புரியலீங்களே'ன்னேன். புரியலைன்னதுக்குத்தான் மொத அடி உழுந்துது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். "அந்தப் புள்ள கெடச்சுதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப உங்கூட்டுல இன்னும் நாந்தான் கூட்டிட்டுப் போனதா?" டீயைக் குடித்து முடித்தேன்.

இதற்கு நடுவில் கல்லூரி. கோயமுத்தூரில் மூன்றாம் வருடம் படிக்கும்போது நீரியல் ஆய்வகத்தில் ஒரு வளைந்த கண்ணாடித் தொட்டி இருந்தது. ஓடுகிற தண்ணீரில் ஒரு துளியின் போக்கைச் சொல்ல ஓர் எண் போதாது, மூன்று வேண்டும் என்று அங்கேதான் படித்தோம். ஓட்டத்தோடு போகும் வேகம், கரைக்குக் கரை குறுக்கே போகும் வேகம், மேலும் கீழுமாகப் போகும் வேகம். யு, வி, டபிள்யூ என்று மூன்று எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்கச் சமன்பாடு: எந்தப் பக்கம் எவ்வளவு விசை தள்ளுகிறதோ, அந்தப் பக்கம் அவ்வளவு வேகம் மாறும். அப்பாவின் நோட்டில் ஒரே ஒரு எழுத்துக்குத்தான் இடம் இருந்தது.

ஆய்வக உதவியாளர் தொட்டியின் மேல்தண்ணீரில் ஒரு பிடி பொரியைத் தூவினார். அடியில் பெர்மாங்கனேட் பொடி கொஞ்சம் போட்டார். பொரி முழுவதும் வளைவின் வெளிப்பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அடியில் கிடந்த பொடியிலிருந்து ஊதாக் கோடுகள் கிளம்பி, நிதானமாக, எதிர்ப்பக்கமாக, உள்சுவரை நோக்கி ஊர்ந்தன.

காரணம் எளிது. வளைவில் வேகமாகப் போகும் மேல்தண்ணீர் வெளிக்கரைப் பக்கம் ஒதுங்குகிறது. அங்கே நீர்மட்டம் நூலளவு உயர்கிறது. அந்த உயரம், மேலிருந்து அடிவரை எல்லாத் தண்ணீரையும் உள்பக்கமாகத் திருப்பித் தள்ளுகிறது. மேல்தண்ணீருக்கு வேகம் இருப்பதால் தாங்கிக்கொள்கிறது. மணலில் உரசி வேகம் இழந்த அடித்தண்ணீரால் தாங்க முடியவில்லை; உள்கரைக்கு வழுக்கிப் போகிறது. எல்லா ஆற்று வளைவுகளிலும் உள்கரையில்தான் மணல்திட்டு விழும். காவேரி எங்கள் ஊரில் கிழக்கே திரும்பும்போது எங்கள் கரை வெளிக்கரை. மிதப்பவை எங்களிடம் வரும். மூழ்கியவை அக்கரைக்குப் போகும்.

தோழிகள் கோடுகளை வரைந்துகொண்டிருந்தார்கள். நான் அன்று மத்தியானமே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தரையில் சாக்பீஸால் வளைவை வரைந்தும் காட்டினேன். அவர் தாளைத் தாழ்த்தவில்லை.

"அது தொட்டி," என்றார். "இது காவேரி."

"சமன்பாடு ஒண்ணுதானுங்கப்பா."

ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, "அக்கரைக்குப் போறதுக்கு நாலு நாளாகுமா?" என்று கேட்டார்.

நான் நாள் கணக்கு எதுவுமே சொல்லியிருக்கவில்லை. ஆகலாம், உடல் உப்பி மேலே வரவும் அவ்வளவு நாள் ஆகும் என்றேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அளவீட்டுக்காரரின் ஆர்வம் என்று அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டேன். சாக்பீஸ் கோட்டை அம்மாதான் குனிந்து பார்த்தாள். அக்கரையைத் தொட்டு நின்ற கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரிஞ்சத உனக்கு மூணு எழுத்துப் போட்டுச் சொல்லித் தந்திருக்கறாங்க," என்றாள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு அக்கரைக் காவல் நிலையத்துக்குப் போனேன். அக்கரை வேறு மாவட்டம். எந்த அதிகாரத்தில் கேட்கிறீர்கள் என்றார்கள். தங்கை என்றேன். புகார் எண் என்ன என்றார்கள். திரும்பப் பெறப்பட்ட புகாருக்கு எண் கிடையாது. பெண்ணின் தகப்பனார் உயிரோடு இருக்கிறாரா? இருக்கிறார். அப்படியானால் அவரை வரச் சொல்லுங்கள். நடைமுறைப்படி அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அப்பா எண்பத்திரண்டு வயதில், மருத்துவமனையில், எல்லாச் சான்றிதழ்களோடும் இறந்தார். அவருக்குரிய எல்லாக் காரியங்களையும் முறைப்படி செய்தோம். அது முடிந்ததும் அம்மாவிடம் சொன்னேன்: "இனி தடுக்க ஆளில்லீங்கம்மா. அக்காவுக்கும் செஞ்சுபோடலாம்."

"ஆகாது கண்ணு."

"ஏனுங்கம்மா?"

"அவர் காயிதத்துல எழுதில்ல தடுத்தாரு? என் புள்ள ஓடிப்போனான்னு கவர்மென்ட்டுல எழுதிக் கெடக்குது. நான் எள்ளுத் தண்ணி உட்டா அது அழிஞ்சுபோகுமா? காயிதத்தக் காயிதந்தான் அழிக்கோணும். நீ கொண்டா. நான் இருக்கறேன்."

கொண்டுவருவதற்கு இப்போது தகவல் உரிமைச் சட்டம் இருந்தது. தகவல் கேட்டு விண்ணப்பித்தேன். சம்பந்தப்பட்ட அலுவலகம் வேறு மாவட்டத்துக்குப் பிரிந்துவிட்டது என்று பதில் வந்தது. பிரிந்த மாவட்டத்துக்கு விண்ணப்பித்தேன். கோப்பு பழைய மாவட்டத்திலேயே இருக்கலாம் என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தேன். அடையாளம் தெரியாத உடல் தொடர்பான கோப்புகள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றார்கள். 'அழிக்கப்பட்டிருக்க வேண்டும்' என்பது தகவல் ஆகாது, அழித்த பதிவேட்டின் நகலைக் கொடுங்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு பதிவேடு இல்லை. அழிக்கவேண்டியதை யாரும் விதிப்படி அழிக்கவில்லை. என் வாழ்க்கையில் விதிமீறல் ஒன்று எனக்கு உதவியது அந்த ஒருமுறைதான். இரண்டாம் மேல்முறையீடு வரை போனேன். அதற்குள் அம்மாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பார்வை முக்கால்வாசி போய்விட்டது. தபால்காரர் மணி அடித்தால் மட்டும் கட்டிலில் எழுந்து உட்காருவாள்.

பதிவுத் தபாலில் வந்தது. மூன்று பக்க நகல்கள். அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து பிரித்து, மூன்று பக்கம் என்றேன்.

"படி," என்றாள்.

முதல் பக்கம் அக்கரைக் காவல் நிலையத்தின் அறிக்கை. ஆடி மாதம் இருபதாம் தேதி மாலை, மணல்திட்டில் அடையாளம் தெரியாத பெண் உடல் ஒதுங்கியது. வயது சுமார் பதினாறு முதல் பதினெட்டு. மஞ்சள் தாவணி. தாடையில் மூன்று தையல் தழும்பு. உடலில் காயம் இல்லை. உரிமை கோருவார் இல்லாததால் ஆற்றங்கரையிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அப்பா நோட்டை மூடிய அதே நான்காம் நாள்.

அம்மா கையை நீட்டித் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்தது?" என்றாள்.

இரண்டாவது, அந்த நிலையம் ஆவணி முதல் வாரத்தில் எங்கள் கரை அளவீட்டு நிலையத்துக்கு எழுதிய கடிதம். மேற்படி உடல் கொடுமுடிக் கரையிலிருந்து வந்திருக்கக்கூடுமா என ஆற்றின் ஓட்டத்தைக் கொண்டு தெரிவிக்கவும். அங்க அடையாள விவரம் இணைக்கப்பட்டுள்ளது. யாரோ ஒரு காவலர், பெயர் தெரியாதவர், தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

மூன்றாவது பக்கத்தைப் புரட்டியதும் நிறுத்தினேன். முத்து முத்தான எழுத்து.

"என்ன நின்னுபோட்டே? மூணுன்னு சொன்னயே," என்றாள் அம்மா.

நான் மறைத்திருக்கலாம். முப்பத்துநான்கு வருடப் பணியில் எந்தப் பக்கத்தை எந்தக் கோப்பில் காட்டக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் காகிதம் கேட்டவள் அவள். படித்தேன்.

'பார்வையில் காணும் கடிதத்தின்படி, இந்நிலையத்தில் மிதவை மூலம் எடுக்கப்பட்ட அளவீடுகளைக் கொண்டு பார்க்கையில், இக்கரையில் ஆற்றில் விழும் எப்பொருளும் அக்கரையில் ஒதுங்க வாய்ப்பில்லை எனப் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன். இணைப்பு பார்வையிடப்பட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறது.'

கீழே அப்பாவின் கையெழுத்து. ஆவணி மாதத் தேதி. தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மெக்கானிக்குக்கு இரண்டு காதும் கேட்டுக்கொண்டிருந்தது. அங்க அடையாளங்கள் எழுதிய இணைப்பு முதல் பக்க அறிக்கைதான்; அதில், மூன்று தையல் என்ற சொல்லுக்கு நேரே ஓரத்தில், பார்த்ததற்கு அடையாளமாக அவருடைய சுருக்கொப்பம்.

அவர் ஏன் அப்படிச் செய்தார்? கணக்கைத் தன் கண்ணைவிட அதிகமாக நம்பினாரா? ஏற்கெனவே எழுதிக் கொடுத்த ஒன்றுக்கு முரணாக இன்னொன்று எழுதக் கூடாது என்பது அலுவலகங்களின் எழுதாத விதி. நானும் அதைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறேன். பெண் செத்தாள் என்பதைவிட ஓடினாள் என்பதே அவருக்குத் தாங்க முடிந்ததோ என்னவோ. இனி இதில் மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

வெளியே யாரோ மோட்டார் போட்டார்கள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"கையெழுத்து நல்லாருக்குமே அவருக்கு," என்றாள் அம்மா. "அந்த மெக்கானிக்குக்கு ஒரு நகல் அனுப்பிப்போடு. மொதல்ல அதச் செய்யி."

"சரிங்கம்மா."

"எள்ளு இருக்குதா ஊட்டுல?"

"இருக்குதுங்."

"இன்னைக்கு என்ன தேதி?"

"காரியத்துக்குன்னா ஆடிப் பதினேழுங்களேம்மா. அவ போன நாளு அதுதானுங்களே."

"அன்னைக்கு அவ ஓடிப்போனா. உங்கப்பாதான் எழுதிக் குடுத்திருக்கறாரே. அவ செத்த சேதி எனக்கு இப்பத்தான வந்துது? தூரத்துச் சாவுக்குச் சேதி கேட்ட நாள்தான் தலைமுழுக்கு. தேதியச் சொல்லு கண்ணு."

சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துச் சொன்னேன். புரட்டாசி இருபத்து மூன்று, வியாழக்கிழமை.